ஓடுகிற இஞ்சினை இறக்கிய கதை

கெட்டுப்போன இஞ்சினை இறக்குவது தொழில். நன்றாக ஓடுகிற இஞ்சினை இறக்குவது பாவம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பாவத்தைச் செய்துதான் தெரிந்துகொண்டேன். ஸ்பேனர் பிடித்துக் கை கருத்தவர்களும் சரி, வண்டியை வாங்கிவிட்டு எங்களைப் போன்றவர்களிடம் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களும் சரி, என் கஷ்டம் உங்களுக்குச் சட்டென்று புரியும். நாமெல்லாம் ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்காரர்கள்தானே!

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் என் ஷெட். அறுபதுகளின் ஆரம்பம். பஸ்ஸும் லாரியும்தான் எனக்குச் சோறு போட்டன. வெல்டிங் வேலைக்குக் கடையநல்லூர் மைதீன் பாய் கூட இருந்தார். ஊரில் ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு, அது வக்கீல் குற்றாலிங்கம் பிள்ளையுடையது. செங்கோட்டைக்கு மேலே எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. பச்சை நிறம், மேலே கான்வாஸ், உள்ளே இரண்டே பேர். வக்கீலய்யா தினமும் காலை ஐந்து மணிக்கு அதைக் கிளப்பிக்கொண்டு அருவிக்குக் குளிக்கப் போவார். தண்ணீர் விழுந்தாலும் போவார், பாறை காய்ந்து கிடந்தாலும் போவார்.

சாவி, பிளக்கு, காற்று

கோமதியம்மா ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக ஷெட்டுக்கு வந்தார்கள். வக்கீலய்யாவின் ஒரே மகள், டீச்சர். மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்ததால் அப்பாவோடு இருந்தார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறதாம். நரம்பு வற்றிவிட்டது, ஆபரேஷனுக்கும் வழியில்லை என்று பாளையங்கோட்டையில் பார்த்த டாக்டர் கையை விரித்துவிட்டாராம். அவரோ, "டாக்டருக்கு என்ன தெரியும், இது பனி மூட்டம்" என்று சொல்லிவிட்டுத் தினமும் வண்டியை எடுக்கிறார். முந்தின வாரம் ஒரு தயிர்க்காரியின் கூடையை உரசித் தள்ளிவிட்டு, தள்ளினதே தெரியாமல் வீட்டுக்கு வந்து காப்பி குடித்திருக்கிறார்.

சாவியை ஒளித்தார்கள். அரிசிப் பானைக்குள் கையை விட்டு எடுத்துவிட்டார். பிளக்கைக் கழற்றினார்கள். ஆள் அனுப்பிப் புதுசு வாங்கிப் போட்டார். நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கினார்கள். தெருவில் போன ஒரு சைக்கிள்காரனை நிறுத்திப் பம்பை வாங்கி, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் அடித்திருக்கிறார். "அம்மாடி, கண்ணு தெரியாமலேயே இம்புட்டா!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கோமதியம்மா சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, அப்பா என்னைக்காவது ஒரு ஆளைக் கொன்னுட்டு வந்து நின்னாங்கன்னா, அன்னைக்கே அவங்களும் செத்துருவாங்க. இஞ்சினையே எடுத்துருங்க. ரிப்பேருன்னு சொல்லுங்க."

சுண்ணாம்புப் பட்டை

மறுநாள் விடியற்காலையில், சும்மா வண்டியைப் பார்க்க வந்தேன் என்று போய் நின்றேன். "வாரும் வே, ஏறும்" என்று பக்கத்தில் உட்காரவைத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார். லாரிக்கு அடியில் படுத்துப் பிழைக்கிறவன் நான். ஜாக்கி நழுவிய நாளில்கூட அப்படிப் பயந்ததில்லை. இவர் எதைப் பார்த்து ஓட்டுகிறார் என்று முதலில் பிடிபடவில்லை. மேலகரம் பக்கம் போகும்போது புரிந்தது. ரோட்டோர மரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்திருப்பார்கள் இல்லையா, அந்த வெள்ளை மட்டும் அவருக்குத் தெரிகிறது. இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் வெள்ளை, நடுவில் இருப்பது ரோடு. நடுவில் நிற்கிற மாட்டுக்கும் மனுஷனுக்கும் யார் சுண்ணாம்பு அடிப்பது?

புல்லுக்கட்டு சுமந்துகொண்டு ஒரு பொம்பளை குறுக்கே வந்தாள். கத்துவதற்கு நேரமில்லை, கையை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி மரத்தை ஒட்டி நின்றது. புல்லுக்கட்டு விழுந்தது, அவள் விழவில்லை. கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, எங்களை முறைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். "என்னவே, என்ன?" என்றார் அவர், முகமெல்லாம் வியர்த்து. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. வாய்வரை வந்தது. ஆனால் என் வாயிலிருந்து விழுந்தது வேறு. "ஸ்டியரிங் இழுக்குதய்யா. இஞ்சின்லயும் ஒரு தட்டல் இருக்கு, பேரிங்கு போயிருக்கும். இறக்கித்தான் பாக்கணும்" என்றேன். கண் டாக்டரை நம்பாத மனுஷர் என்னை அப்படியே நம்பிவிட்டார்: "வைத்தியரு சொன்ன பொறவு நோயாளி வாதாடக் கூடாது வே. இறக்கும். சாரலுக்கு முந்தி மாட்டிக் குடுத்திரும், அது போதும்."

சிரட்டை வரிசை

அந்த வண்டியில் இஞ்சினும் கியர் பாக்ஸும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். தனித்தனியாக எடுக்கக் கை நுழையாது, சேர்த்தேதான் முன்பக்கமாகத் தூக்க வேண்டும். வண்டி அவர் வீட்டிலேயே நிற்கட்டும், இஞ்சின் மட்டும் என் ஷெட்டுக்கு வரட்டும் என்று ஏற்பாடு. பானெட்டையும் ரேடியேட்டரையும் எடுத்தேன். கார்புரேட்டர் கம்பி, பெட்ரோல் குழாய், சைலென்சர் பைப்பு, வயர் எல்லாம் ஆயிற்று. பிறகு உள்ளே புகுந்து சீட்டு, தரைப் பலகை, பின்சக்கரத்துக்குப் போகிற தண்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். எந்த இடத்து நட்டோ அதைத் தனியாக ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டு, கழற்றின வரிசையிலேயே சுவரோரம் வைத்துவிடுவோம். மாட்டும்போது கடைசிச் சிரட்டையிலிருந்து ஆரம்பித்தால் போதும், எழுத்து வாசனை இல்லாதவன்கூட மாட்டிவிடலாம். வக்கீலய்யா நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சிரட்டையாக மடியில் வைத்துத் தடவிப் பார்த்து, "இது எங்கனது வே?" என்று கேட்டுக் கேட்டு அதே இடத்தில் வைத்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எப்படியும் மாட்டப் போவதில்லையே என்ற நினைப்பில் இரண்டு இடத்து நட்டுகளை ஒரே சிரட்டையில் போட்டுவிட்டேன். மைதீன் பாய் அதைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ரிப்பேரு பொய்யா இருக்கலாம் வே, நட்டு மெய்யான நட்டுதானே? பிரிச்சு வையும்."

மறந்துபோன ஆயில்

தூக்குவதற்கு மரக்கடையிலிருந்து செயின் பிளாக் இரவல் வாங்கி, மூன்று தேக்கங்கழிகளைக் கூம்பாகக் கட்டினோம். லோடு தூக்குகிறவர்கள் நாலு பேர். அவர் வீடு இருந்த மாசி வீதியே திரண்டு வந்துவிட்டது. உங்களுக்கே தெரியும், வேலை செய்ய நாலு பேர் என்றால் யோசனை சொல்ல நாற்பது பேர் வருவார்கள். பால்காரர் "ஏத்து" என்கிறார், பஸ் கண்டக்டர் "இறக்கு" என்கிறார், கோயிலுக்குப் போய்வந்த ஒரு அம்மா என் நெற்றியிலும் இஞ்சின் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டுப் போகிறாள். இந்த அமளியில் இஞ்சின் ஆயிலை வடித்த நான் கியர் பாக்ஸ் ஆயிலை வடிக்க மறந்துபோனேன்.

மூக்கு மேலே ஏறி வால் கீழே சாய்ந்ததும், ஸ்பீடாமீட்டர் கம்பியைக் கழற்றிய ஓட்டை வழியாக அத்தனையும் கொட்டியது. வீட்டு முன்வாசல் செங்காவி போட்ட வழுவழுத் தரை. கழியைப் பிடித்திருந்தவர் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். இஞ்சின் ஊஞ்சல் ஆடியது. மைதீன் பாய் மட்டும் தோளைக் கொடுத்துக் கழியைத் தாங்காமல் இருந்திருந்தால், ரிப்பேர் என்று நான் சொன்ன பொய் அன்றைக்கே மெய்யாகியிருக்கும். பாரம் போனதும் வண்டியின் முன்பக்கம் நாலு விரற்கடை எழும்பியது. வக்கீலய்யா மட்கார்டில் கை வைத்தபடி நின்றார். கைக்கு அடியில் அது எழும்பினது தெரிந்திருக்க வேண்டும், சட்டென்று கையை எடுத்து மேல்துண்டில் துடைத்துக்கொண்டார். மரத்தூளும் உமியும் கொட்டி நாங்கள் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கோமதியம்மா கதவோரம் வந்து நின்றார்கள். "காதும் காதும் வச்ச மாதிரி முடிங்கன்னேன் அண்ணாச்சி. இப்பக் கோயில் வாசல் வரைக்கும் கியர் ஆயில் மணக்குது."

வராத பார்சல்

இஞ்சின் என் ஷெட்டில் சாக்கு போர்த்திக்கொண்டு தூங்கியது. சித்திரை போய், வைகாசி போய், ஆனியும் பிறந்துவிட்டது. வக்கீலய்யா குடையை ஊன்றிக்கொண்டு நடந்தே வருவார். "பேரிங்கு வந்துட்டா?" என்பார். "மெட்ராஸுக்கு எழுதிப் போட்டிருக்கய்யா, ரயில்ல வரும்" என்பேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குத் தினமும் தீனி போட வேண்டியிருக்கிறது. குதிரைவண்டி பிடித்துத் தரட்டுமா, குற்றாலம் பஸ்ஸில் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். "அருவிக்கு என்னை மூட்டை மாதிரி ஏத்தி இறக்கவா?" என்று சீறினார். குளிக்கப் போவதையே விட்டுவிட்டார். தினமும் முகம் வழிக்கிற மனுஷர் பத்து நாள் தாடியோடு வந்து நின்றார். உயிரைக் காப்பாற்றத்தானே இதைச் செய்தோம், உயிர் இருக்கிறது, ஆள் எங்கே என்று எனக்கு யோசனையாகிவிட்டது.

மேற்கே மலை கறுத்துச் சாரல் தொடங்கின வாரம், ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா என் ஷெட்டுக்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். நான் எதையும் அனுப்பவில்லை, எனக்கு எதுவும் வரவுமில்லை, எதற்கு வருகிறார் என்று முழித்தேன். "வக்கீலய்யா மூணு நாளா ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில உக்காந்துக்கிட்டு, ஒவ்வொரு ரயிலுக்கும் எந்திரிச்சு எந்திரிச்சுக் கேக்குதாரு. வராத பார்சலுக்கு நான் என்ன பதில் சொல்ல? காலிப் பெட்டியாவது ஒண்ணை உம்ம பேருக்கு நீரே அனுப்பிக்கிடுமய்யா, புண்ணியமாப் போவும்!"

குறுக்கு விசாரணை

காலிப் பெட்டியும் ஒரு யோசனைதான். ஆனால் என் புத்தி அதைவிடக் கோணலாகப் போயிற்று. மறுநாள் வக்கீலய்யா வந்து, "சரி, போன பேரிங்கையாவது காட்டும்" என்றதும், மூலையில் கிடந்த ஒரு லாரியின் தேய்ந்த பேரிங் வில்லையை எடுத்துக் கையில் கொடுத்தேன். கண் தெரியாதவருக்கு எது என்ன என்று நினைத்தேன். அப்படி நினைத்ததைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் விரலால் உள்பக்கம் தடவினார், வெளிப்பக்கம் தடவினார். "இது என் வண்டியோடதா?" என்றார். "ஆமய்யா." "நீரே கழட்டினதா?" "ஆமய்யா." "எதுலேருந்து கழட்டினீரோ, அதுல இதை வையும், பாப்போம்."

கேட்டால் காட்ட வேண்டுமே என்று அடிப்பக்கத்தைத் திறந்து வைத்திருந்த இஞ்சின் பெஞ்சில் கிடந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன். வில்லையைப் பொருத்திப் பார்த்தார். அண்டாவுக்கு மூடுகிற தட்டைச் செம்புக்கு மூடின மாதிரி லொட லொடவென்று ஆடியது. பக்கத்தில் இருந்த உண்மையான பேரிங்கை விரலால் தேடிப் பிடித்துத் தடவினார். புதுக் காசு மாதிரி இருந்தது அது. மைதீன் பாய் எழுந்து வெளியே போய்விட்டார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. "முப்பத்தஞ்சு வருசமாப் பொய்ச்சாட்சியளப் பாத்துக்கிட்டு இருக்கேன் வே. ஒருத்தனும் உம்மள மாதிரி இவ்வளவு சிரமப்பட்டதில்ல. சொல்லும், யாரு சொல்லச் சொன்னது?"

கேட்டதும் சொன்னதும்

நான் பெயரைச் சொல்லாததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். "ஏட்டி கோமதி" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டார். கோமதியம்மா நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த பேனாவோடு வந்து, "ஆமாப்பா, நாந்தான் எடுக்கச் சொன்னேன். பத்து தடவை சொன்னேன், நீங்க கேக்கல" என்றார்கள். அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "சொன்ன. ஓட்டாதீங்கன்னு சொன்ன. சாவிய ஒளிச்ச, காத்தைப் பிடுங்கின. 'எனக்குப் பயமா இருக்குப்பா, விட்டுருங்க'ன்னு ஒரு நாளாவது கேட்டியாட்டி?" கோமதியம்மா அப்போதுதான் அழுதார்கள்.

இனிமேலும் வாயை மூடிக்கொண்டு நிற்பது அயோக்கியத்தனம் என்று தோன்றிவிட்டது. "அய்யா, அன்னைக்கு ஸ்டியரிங் இழுக்கல. புல்லுக்கட்டோட ஒரு பொம்பளை குறுக்க வந்தா. நாந்தான் திருப்பினேன்" என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "அடிபட்டுட்டாளா?" என்றார். "இல்லய்யா, கட்டு மட்டுந்தான் விழுந்துச்சு." அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இஞ்சினை மாட்டச் சொன்னார். "மாட்டினா நான் வண்டிக்கு முன்னால படுத்துக்கிடுவேன்" என்று கோமதியம்மா சொல்லிவிட்டார்கள். நான் யார் பக்கம் பார்ப்பது? "மாட்டும் வே. எடுத்த சாமானை எடுத்த இடத்துல வச்ச பொறவுதான் மத்தப் பேச்சு" என்றார் வக்கீலய்யா.

இடது பக்கக் கதவு

இரண்டு நாளில் மாட்டினேன். கையில் வேலை ஓடியது, மனசில் ஓடவில்லை. கிளப்பிப் பார்த்தேன், ஒரு குறையில்லாமல் பாடியது. மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கு அவர் சொன்னபடி போய் நின்றேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கோமதியம்மா வாசல் கேட்டை அடைத்துக் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். வக்கீலய்யா முகம் வழித்து, தோளில் துண்டோடு வெளியே வந்தார். வலது கதவின் கைப்பிடியைத் தொட்டார். தொட்டுவிட்டு, அங்கேயே கொஞ்சம் நின்றார். அப்புறம் மட்கார்டைத் தடவிக்கொண்டே வண்டியை முன்பக்கமாகச் சுற்றிப் போய், இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். "ஏறும் வே. டிரைவர் சீட்டுல ஆள் இல்லாம வண்டி எப்படிப் போவும்?" கோமதியம்மா கையைக் கீழே போட்டார்கள். கேட்டைத் திறந்துவிட்டதும் அவர்கள்தான்.

ஏறி உட்கார்ந்து கியர் தண்டைப் பிடிக்கப் போனேன். அதன்மேல் ஏற்கனவே ஒரு கை இருந்தது. "கையை எடும். கிளட்ச்சு உம்ம காலுக்கு, கியர் என் கைக்கு" என்றார். கேட்டதுண்டா இப்படி ஒரு டிரைவிங்! முதல் தடவை நான் மிதிக்க நேரமாகி, பல்லும் பல்லும் உரசின சத்தத்தில் தெரு நாய் எழுந்து ஓடியது. இரண்டாவது தடவை அவர் முந்திவிட்டார். ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டே வீதியைத் தாண்டினோம். மேலகரம் வந்தபோது ஒத்துப்போய்விட்டது. ஏற்றத்தில் இஞ்சின் லேசாக இழுத்ததும் என் கால் இறங்கும், அதே நொடியில் அவர் கை நகரும். யார் முதலில் என்று சொல்ல முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்குத் தெரியப் போகிறது என்று மறைக்காமல் இருந்தேன், அப்படி நினைத்ததற்காகவும் ஒரு தரம் அழுதேன். அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். அவர் உடனே இறங்கவில்லை, தண்டை நியூட்ரலில் வைத்து அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்துக்கொண்டார். "அருமையான கியர் பாக்ஸ் வே. நாளைக்கு இதுக்கும் பேரிங்கு போச்சுன்னு வந்து நின்னிராதேயும்."

ஒரு பொய்க்குத் தண்டனையாக, வக்கீலய்யா இருந்த வரைக்கும் ஆறு வருஷம், மழை வெயில் பாராமல், விடியற்காலை ஐந்து மணிக்கு அவரோடு போய் அருவியில் தலை கொடுத்து நின்ற மெக்கானிக், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான்.